அண்ணனின் நான்கு கொப்பிகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பாடசாலை, ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அதன் சாரத்தை மட்டும் அவருடைய சம்மதத்துடன் இங்கே தருகிறேன்.

அவருடைய அண்ணன் 15 வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். 2004 சித்திரையில், கூட இருந்தவர்களே இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்ட நாட்களுக்குப் பிறகு, ஒரு சாரத்தோடும் சேட்டோடும் வீட்டுக்கு நடந்து வந்தார். திரும்பவும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் மூன்று வருடம் உறவினர் வீடுகளில் ஒளிந்திருந்தார். பிறகு கட்டாருக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் கட்டட வேலை செய்தார். அங்கே இருக்கும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. ஊருக்கு வந்து சேர்ந்த இந்த மூன்று வருடத்தில்தான் எல்லாம். இரவில் கத்திக்கொண்டு எழும்புகிறார். அம்மன் கோயில் சடங்குக்கு வெடி கொளுத்தினால் ஊரைவிட்டே போய்விடுகிறார். ஆட்களோடு இருந்து சாப்பிடுவதில்லை. பெரும்பாலும் வட்டையில், வயல் காவலுக்குப் போட்ட வாடியில்தான் படுக்கை. சில நாட்களில் குடி.

ஆசிரியை தன் முதுமாணிப் பட்டத்துக்கு, இலக்கியம் போர்வீரனை எப்படிக் காட்டுகிறது என்று ஆய்வு செய்கிறார். “புத்தகத்தைத் திறந்தால் அண்ணன் இருக்கிறார். புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்குள் வந்தால் அங்கே நாவல் நடந்துகொண்டிருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் தகரப் பெட்டியில் அண்ணன் எழுதிய நான்கு சீஆர் கொப்பிகளைக் கண்டு, அவருக்குத் தெரியாமல் முழுவதையும் வாசித்துவிட்டார். அதில் கூட இருந்த ஒரு பையனின் பெயரும், அவன் எப்படிச் செத்தான் என்பதும் இருக்கின்றன. அந்தப் பையனின் தாய் இரண்டு ஊர் தள்ளி இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டில் பதிப்பகம் நடத்தும் நண்பர் ஒருவர், கொப்பிகளைப் படம் பிடித்து அனுப்பும்படி கேட்கிறார்.

அண்ணனும் நாவல்களில் வருகிறவர்களைப் போல முடிந்துபோவாரா, நல்ல ஒரு போர் நாவலைக் கையில் கொடுத்தால் மனம் திறப்பாரா, கொப்பிகளை வெளியிடலாமா, அந்தத் தாய்க்குச் சொல்லலாமா, அம்மா சொல்வதுபோலக் கலியாணம் கட்டிவைத்தால் சரிவருமா என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது அண்ணனைப் பற்றி யோசித்தேன். மற்ற இரண்டு தரமும் உங்களைப் பற்றித்தான். பகலில் பிள்ளைகளுக்குப் படிப்பித்து, பின்னேரத்தில் போர் நாவல் வாசித்து, இரவில் பக்கத்து அறைச் சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்திருக்கிறீர்கள். அந்த ஆய்வை இரண்டு மூன்று மாதம் தள்ளிவைக்க முடியுமானால் தள்ளிவையுங்கள். உங்கள் மேற்பார்வையாளரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். இதைக் கடைசியில் சொன்னால் மற்றவற்றுக்குள் மறைந்துபோகும் என்பதால் முதலில் சொல்கிறேன்.

நாவலாசிரியர் எடுத்துக்கொள்ளும் நாள்

உங்களை மிகவும் பயப்படுத்தியது வேர்ஜினியா வுல்ஃப் 1925இல் எழுதிய ‘திருமதி டாலோவே’ நாவலில், முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பி வந்தவனாக வரும் செப்டிமஸ். செத்துப்போன தன் அதிகாரி எவன்ஸைப் பூங்காவில் காண்கிறான், எதையும் உணர முடியாமல் தவிக்கிறான், கடைசியில் ஜன்னலால் குதிக்கிறான். “அண்ணனும் வாடியில் இருந்து ஆரோடோ கதைக்கிறார்” என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்ததாகச் சொல்கிறீர்கள்.

அந்த நாவல் முழுவதும் ஒரே நாளில் நடக்கிறது. ஒரு மனிதனின் வாழ்க்கையில் அது உடைகிற நாளைத்தான் அந்த எழுத்தாளர் எடுத்துக்கொண்டார். கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள், அதில் பிழையில்லை. ஆனால் போரிலிருந்து வந்து, இரவில் நித்திரை இல்லாமல், கோபத்தோடும் வெட்கத்தோடும் இருந்து, மெல்ல மெல்லத் தோட்டம் செய்து, பிள்ளைகளை வளர்த்து, அறுபது எழுபது வயது வரை வாழ்ந்தவர்கள்தான் கூட. அவர்களைப் பற்றி நாவல் எழுதுவது கடினம். ஆகவே உங்கள் மேசையில் இருக்கும் புத்தகங்களைக் கொண்டு அண்ணனின் முடிவைக் கணிக்க வேண்டாம்.

இன்னொன்று. செப்டிமஸ் குதிப்பதற்குச் சற்று முன்னால் அவனும் மனைவி ரெசியாவும் ஒரு தொப்பிக்கு அலங்காரம் வைக்கிறார்கள். பூவையும் ரிப்பனையும் எப்படி வைப்பது என்று அவன் சொல்கிறான், அவள் தைக்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் கணவன் அவளிடம் திரும்பி வந்த நேரம் அது. ‘உனக்கு ஒன்றுமே இல்லை’ என்று ஏற்கெனவே சொன்ன வைத்தியர் படியேறி வருவதோடு அந்த நேரம் முடிகிறது. உங்கள் குறிப்புகளில் குதித்த இடம் இருக்கிறது, தொப்பி இல்லை. அதேபோல உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், “போன கிழமை என் மகனுக்கு வீச்சு வலை எறியக் காட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். குளக்கரையில் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து வலையை விரிக்கக் காட்டிய மனிதர், உணர்வு செத்துப்போனவர் அல்லர். அந்த அரை மணி நேரம் திரும்பவும் எப்படி வரும் என்று பாருங்கள்.

அண்ணனுக்கு இருப்பது போலத் தெரிவதை மனநல வேலை செய்யும் நாங்கள் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று சொல்வோம். நேரில் பார்க்காமல் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்வது சரியில்லை, வைத்தியர் பார்க்க வேண்டும். 1980இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனிப் பெயரோடு ஏறியது. அதற்கு முன் கோழைத்தனம், நரம்புத் தளர்ச்சி, பேய்க் குறை என்று என்னென்னவோ பெயர். நடந்தது கனவிலும் விழிப்பிலும் திரும்பி வரும். அதை ஞாபகப்படுத்தும் இடங்களை ஆள் தவிர்ப்பார். உடம்பு எந்நேரமும் காவலில் நிற்கும். ‘பத்து வருடம் நன்றாக இருந்தவருக்கு இப்போது எப்படி?’ என்று கேட்கிறீர்கள். வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்து, பன்னிரண்டு பேரோடு ஓர் அறையில் படுக்கிறவருக்கு ஞாபகம் வரவும் இடம் வேண்டுமல்லவா? ஊருக்கு வந்தார், அமைதி கிடைத்தது, பழைய பாதைகளையும் பழைய மரங்களையும் கண்டார். இப்படிப் பிந்தி வெளிவருவது நாங்கள் அடிக்கடி காண்பது. வட்டையில் யானையை விரட்டப் போடும் யானை வெடியின் சத்தம் வேறு. ஆனால் கவனித்தீர்களா, கோயில் வெடிக்கு ஓடுகிறவர் யானை வெடிக்கு ஓடவில்லை. அது எப்போது வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும், கொளுத்துகிறவர் அவரே. இரவில் கண்ணயராத அந்தக் காவல் உடம்பு, ஊரின் நெல்லை யானையிடமிருந்து காப்பாற்றிக் கொடுக்கிறது. அவரைப் பைத்தியம் என்று சொல்லும் சனத்துக்கு இதைச் சொல்லுங்கள்.

இதற்குச் சிகிச்சை உண்டு. பேச்சு வழிச் சிகிச்சைகள் உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. குடித்தால் நித்திரை வரும், ஆனால் நடுச்சாமத்தில் கலைந்துவிடும். கனவும் மோசமாகும். பாமசியில் கேட்டு வாங்கும் நித்திரைக் குளிசையும் வேண்டாம்.

தமிழில் இல்லை என்கிறீர்கள்

“எங்கள் இலக்கியம் வீரத்தைத்தான் பாடியது, போர்வீரனின் மன வேதனையைப் பார்க்க மேற்கு நாவலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது” என்று ஒரு வசனம் எழுதியிருக்கிறீர்கள். தமிழ் ஆசிரியையிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, என்றாலும் இதில் நான் உடன்படவில்லை. முல்லைப்பாட்டை எடுத்துப் பாருங்கள். பாசறையில் அரசன் ‘கண்படை பெறாஅது’, நித்திரை வராமல், கிடக்கிறான். வாள் வெட்டில் துதிக்கை அறுந்து, அந்தத் துண்டு பாம்புபோலத் துடித்த யானைகள் அவன் கண்ணில் நிற்கின்றன. தனக்காகச் செத்தவர்களை நினைக்கிறான். அம்பு தைத்து, காதைச் சாய்த்து, தின்னாமல் நிற்கும் குதிரையை நினைக்கிறான். ஒரு கை படுக்கையில், ஒரு கை தலையில். நித்திரையில்லாத அண்ணனை இதைவிட நெருக்கமாக நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

புறநானூற்றில் 65ஆம், 66ஆம் பாட்டுகளும் உண்டு. வெண்ணிப் போரில் சேரன் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்த வேல் முதுகால் வெளிவந்தது. முதுகில் புண் இருக்கிறதே என்ற நாணத்தில் வடக்கிருந்து, அதாவது உண்ணாமல் இருந்து, உயிர்விட்டான். உடம்பு தாங்கிய புண்ணை மனம் தாங்கவில்லை. வெண்ணிக்குயத்தியார் என்ற பெண் புலவர், வென்ற கரிகாலனையே பார்த்து, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்கிறார்.

இந்த வெட்கத்தைத்தான் உங்கள் அண்ணனின் கொப்பிகளில் நான் காண்கிறேன், நீங்கள் எடுத்து எழுதிய சில வரிகளிலிருந்து. அவரைப் பயம் அவ்வளவு தின்னவில்லை. ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் எதிரெதிரே நின்ற அந்தச் சித்திரை மாதம்தான் தின்கிறது. வியட்நாமிலிருந்து வந்த அமெரிக்கப் படையினருக்குப் பல வருடம் சிகிச்சை அளித்த வைத்தியர் ஜொனதன் ஷே, 1994இல் எழுதிய நூலில் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவிய வீரன் அக்கிலீஸைத் தன் நோயாளிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலைவனே நியாயத்தை மீறியபோது அக்கிலீஸுக்குள் முறிந்த அதே இடம் அவர்களுக்குள்ளும் முறிந்திருந்தது என்று கண்டார். இதை மனச்சாட்சியில் பட்ட காயம் என்று சொல்லலாம். இந்தக் காயத்துக்கு ‘நீ பயப்படாதே’ என்ற ஆறுதல் மருந்தாகாது. 15 வயதுப் பிள்ளையின் கையில் ஆயுதத்தைக் கொடுத்தவர் ஆர், அந்தப் பிள்ளைக்கு அன்று வேறு என்ன வழி இருந்தது என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க ஓர் ஆள் தேவை. செய்தது, செய்விக்கப்பட்டது, பார்த்துக்கொண்டு நின்றது என்று அவை வேறு வேறு. அண்ணனின் மனத்தில் எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் கிடக்கின்றன.

தோற்றதால்தான் இந்த நிலை என்ற உங்கள் எண்ணத்துக்கும் ஒரு வார்த்தை. பாவோ நின் வென்ற வட வியட்நாமின் படைவீரர். அவர் எழுதிய நாவலில் போர் முடிந்த பிறகு காட்டில் இறந்தவர்களின் எலும்பைத் தேடும் கியென் என்ற வீரனுக்கு வெற்றி ஒன்றுக்கும் உதவவில்லை. அம்பாறைப் பக்கம் இராணுவத்திலிருந்து வந்த ஒரு சிங்கள இளைஞரின் மனைவியோடு கதைத்திருக்கிறேன். “இரவில் என்னை ஆரென்று தெரியாத மாதிரிப் பார்க்கிறார்” என்றார். மொழிபெயர்த்தவரின் வாயால் வந்த அந்த வசனம் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்திலும் இருக்கிறது.

நாவலை அவர் கையில் கொடுக்கலாமா?

இப்போது வேண்டாம். ஜேர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் 1929 போர் நாவலில் பவுல் என்ற இளம் படைவீரன் விடுமுறையில் வீட்டுக்கு வந்து, தன் பழைய புத்தக அலுமாரிக்கு முன்னால் இருக்கிறான். அந்தப் புத்தகங்கள் முன்புபோலத் தன்னோடு பேச வேண்டும் என்று கெஞ்சுகிறான். அவை பேசவில்லை. நீங்கள் அன்போடு நீட்டும் புத்தகம் அவருக்கு அப்படி ஆகலாம். அல்லது முதல் குண்டு விழும் பக்கத்திலேயே அவரை அந்தச் சித்திரை நாட்களுக்குக் கொண்டுபோய் நிறுத்தலாம். வாசகராகிய உங்களுக்கு அது காட்சி. அவருக்கு அது இன்று நடப்பது.

‘எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பாரம் குறையும்’ என்பதும், அம்மா சொல்லும் ‘மறந்துவிடு மகன்’ என்பதும் இரண்டு பக்கத்துப் பிழைகள். முதலாம் உலகப் போரில், 1917இல், எடின்பரோவில் கிரெய்க்லொக்கார்ட் வைத்தியசாலையில் றிவர்ஸ் என்ற வைத்தியர் படை அதிகாரிகளைப் பார்த்தார். கவிஞர் சசூன் அவருடைய நோயாளி, அதே நேரம் அங்கே வேறொரு வைத்தியரிடம் இருந்தவர் கவிஞர் ஓவன். மறக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு இரவுக் கனவு கூடுவதை றிவர்ஸ் கண்டார். அதற்காக நாள் முழுவதும் அதையே கிண்டவும் அவர் விடவில்லை. அண்ணன் தானாகக் கதைக்கும்போது கேளுங்கள். கதையை நீங்கள் இழுக்க வேண்டாம். ‘அதுக்குப் பிறகு என்ன நடந்தது?’ என்ற ஒரு கேள்வியைத் தவிர்த்தாலே போதும்.

பயிற்சி பெற்றவர்கள் இதைச் செய்யும் முறைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. நிலத்தில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். பிறந்த நாளிலிருந்து தொடங்கி, கெட்டது நடந்த இடங்களில் கல்லும் நல்லது நடந்த இடங்களில் பூவும் வைப்பார்கள். பிறகு பல அமர்வுகளில், ஒவ்வொரு கல்லாக, முன்பின் ஒழுங்கோடு, உடம்பு அமைதியாகும் வரை நின்று கதைப்பார்கள். எங்கள் வடக்குக் கிழக்கிலும் பிள்ளைகளுக்கு இது பயன்பட்டிருக்கிறது. போர் மட்டும் அல்லாமல் முழு வாழ்க்கையும் அந்தக் கயிற்றில் கிடக்கும். வலை எறிந்த பின்னேரத்துக்கு ஒரு பூ விழும்.

புத்தகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் தெளிந்த பிறகு அவரே கேட்டால் கொடுங்கள். அதற்கு முன் வடமோடிக் கூத்துப் பயிற்சி நடக்கும் களரிப் பக்கம் போக அவர் விரும்புகிறாரா என்று பாருங்கள். சின்ன வயதில் ஆடியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பாரதப் போரை உடம்பாலும் தாளத்தாலும், ஊரே சுற்றியிருக்க ஆடுவது, தனியே இருந்து அச்செழுத்தில் வாசிப்பதைவிட வேறு விதமானது. மத்தளச் சத்தம் அவரைத் திடுக்கிட வைத்தால் உடனே விட்டுவிடுங்கள்.

கொப்பிகளும் பதிப்பக நண்பரும்

இங்கே உங்களோடு கொஞ்சம் கடுமையாகக் கதைக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கொப்பிகள் உங்கள் அண்ணனின் சொத்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடும். எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. அவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் அது நீடிக்கும். அவருடைய சம்மதமில்லாமல் ஒரு பக்கத்தையும் எவரும் அச்சிட முடியாது, உடன்பிறந்த நீங்களும்தான். அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும், குடிக்காத தெளிந்த நேரத்தில் கொடுத்ததாக இருக்க வேண்டும். நண்பருக்கு ஏதாவது படம் அனுப்பியிருந்தால் இன்றே அழிக்கச் சொல்லுங்கள்.

ஆபத்தும் உண்டு. 1979இல் தற்காலிகமாக என்று வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் எழுதப்பட்ட கொப்பிகள் அவை. அதில் பெயரோடு வருகிறவர்களில் பலர் உயிரோடு, இதே மாவட்டத்தில், வேறு வேறு நிலையில் இருக்கிறார்கள். அண்ணனைத் தேடி ஆட்கள் வரலாம், அந்தப் பெயர்க்காரரின் பிள்ளைகளைத் தேடியும் வரலாம். என்றைக்காவது வெளியிடுவதென்று அண்ணனே தீர்மானித்தால், அதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லையென்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது.

அந்த நண்பர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் “வீரம் இருக்கிற பகுதிகளை முதலில் அனுப்புங்கள்” என்று அவர் எழுதியதை நீங்களே எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். ஹெமிங்வேயின் 1925 சிறுகதை ஒன்றில் கிரெப்ஸ் என்ற இளைஞன் போரிலிருந்து பிந்தி வருகிறான். ஊர் கேட்டுச் சலித்துப்போன நேரம். கேட்க வைப்பதற்காகப் பொய் சேர்க்கிறான். பிறகு அந்தப் பொய்யே அவனுக்கு அருவருப்பாகி, உண்மையில் நடந்த நல்லவற்றையும் இழந்துவிடுகிறான். கேட்கிறவர்களின் ஆசைக்கேற்பத் தன் கதையை வெட்டிக் கொடுக்கும் நிலைக்கு அண்ணனைக் கொண்டுபோக வேண்டாம். போராளியாக இருந்த தமிழினியின் தன்வரலாறு, அவர் இறந்த பிறகு 2016இல் நூலாக வந்தது. அதைச் சுற்றி எழுந்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர் இருக்கவில்லை. அண்ணன் உயிரோடு இருக்கிறார். அவருடைய எழுத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

ஹோமரின் ஒடிசியில் ஓர் இடத்தை உங்கள் ஆய்வில் சேர்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. பெயர் சொல்லாத விருந்தாளியாக ஒடிசியஸ் ஓர் அரச சபையில் இருக்கிறான். குருட்டுப் பாடகன் திரோய்ப் போரைப் பாடுகிறான். தன் கதையை இன்னொருவன் வாயால் கேட்ட ஒடிசியஸ் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். இரண்டாம் தரம் அவன் அழுவதை, போரில் செத்த கணவனின் மேல் விழுந்து அழும்போது எதிரிகள் ஈட்டியால் முதுகில் குத்தி அடிமையாக இழுத்துக்கொண்டு போகும் ஒரு பெண்ணின் அழுகை போல என்று ஹோமர் சொல்கிறார். வென்றவன், தன் படை அழித்த ஊரின் பெண்ணைப்போல அழுகிறான். சபையில் அதைக் கண்டவன் அரசன் அல்கினூஸ் ஒருவன்தான். அவன் பாட்டை நிறுத்தச் சொல்கிறான். பிறகு கேட்கிறான், ‘நீ ஆர்?’ என்று. அதன் பிறகுதான் ஒடிசியஸ் தன் வாயால் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். இப்போது உங்கள் வீட்டில் பாட்டை நிறுத்த வேண்டியவர் நீங்கள்.

அந்தத் தாய்

இதுதான் எனக்கும் கனமான கேள்வி. இருபது வருடத்துக்கு மேலாக மகனுக்கு ஒரு கோப்பையில் சோறு எடுத்து வைக்கும் தாய்மாரை நான் அறிவேன். அவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் களவாக வாசித்த கொப்பியிலிருந்து எடுத்து, அண்ணனுக்குத் தெரியாமல், நீங்கள் போய்ச் சொல்லக் கூடாது. அந்தத் தாய் அடுத்த நிமிடமே உங்கள் வீட்டுக்கு வந்து அண்ணனின் முன்னால் நிற்பார். இருவரும் ஆயத்தமில்லாமல் சந்திப்பார்கள்.

அதற்காக இதை என்றென்றைக்கும் பெட்டிக்குள் வைத்திருக்கவும் முடியாது. அண்ணன் அந்தப் பெயரை எழுதி வைத்ததே, எங்காவது போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் என்று நான் நம்புகிறேன். சிகிச்சை தொடங்கிச் சில மாதம் போன பிறகு, உளவளத்துணையாளர் ஒருவரின் முன்னிலையில், அவரே அந்த முடிவுக்கு வர உதவ வேண்டும். நேரில் போவதா, கடிதமா, ஊர்ப் பெரியவர் அல்லது சுவாமி ஒருவர் மூலமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். அது வரை அந்தத் தாய் காத்திருப்பார். இதை எழுத எனக்கு வலிக்கிறது, ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கலியாணம்

அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், கலியாணம் மருந்து அல்ல. அதோடு எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவார். நடுச்சாமத்தில் ஏன் கத்துகிறார் என்று ஒருவருக்கும் தெரியாத வீட்டில் போய் அவர் படுக்க வேண்டிவரும். அந்தப் பெண்ணின் நிலையையும் யோசியுங்கள். அம்மா நூல் கட்டுவதிலும் நேர்த்தி வைப்பதிலும் நான் தலையிட மாட்டேன். புறநானூறு 281ஆம் பாட்டில் புண்பட்டு வந்தவனைக் காக்கப் பெண்கள் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, யாழோடு காஞ்சிப் பண் பாடி, நறும்புகை இட்டார்கள். காயம்பட்டவனைத் தனியே விடாமல் சுற்றி இருந்தார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பெரிது. கிளினிக்குக்குப் போவதை நிறுத்தாத வரையில் கோயில் தன் வேலையைச் செய்யட்டும்.

உடனே செய்ய வேண்டியவை

வாடியில் இருக்கும் கிருமிநாசினி, களைநாசினிப் போத்தல்களை அண்ணனின் கைக்கு எட்டாத இடத்தில், பூட்டி வையுங்கள். மிக நஞ்சான விவசாய மருந்துகள் தடைசெய்யப்பட்ட பிறகு இந்த நாட்டில் தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. அந்தக் கண நேரத்தில் கையில் என்ன இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. சாகும் எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வரும் என்று பயப்படுகிறீர்கள், அப்படி வராது. கேட்டதே பல பேருக்கு ஆறுதல். ஓம் என்றால் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம். உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸ்.

அவ்வளவு அவசரமில்லை என்றால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே போக வெட்கப்படுவார் என்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் நீங்கள் தனியே போய்க் கதைத்துவிட்டு வரலாம். ‘விசர்க் கிளினிக்’ என்று ஊர் சொல்லும் என்று அஞ்சுகிறீர்கள். நித்திரைக்கு மருந்து எடுக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், அது பொய்யும் அல்ல. பல பேர் அப்படித்தான் முதல் நாள் என் முன்னால் வந்து இருந்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கொப்பிகளை எடுத்த தகரப் பெட்டிக்குள், எடுத்த ஒழுங்கிலேயே வையுங்கள். பின்னேரத்தில், அவர் குடிக்காத நாளாகப் பார்த்து, பிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வாடிக்குப் போங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போனால் அவனைக் கொஞ்சம் தள்ளி விளையாட விடுங்கள். அண்ணனுக்கு எதிரே இருக்காமல் பக்கத்தில், வயலைப் பார்த்துக்கொண்டு இருங்கள். “அண்ணன், உங்கட கொப்பிய நான் எடுத்துப் படிச்சிட்டன். கேக்காமப் படிச்சது என்ட பிழை. ஒருத்தருக்கும் காட்டல்ல, காட்டவும் மாட்டன்” என்று சொல்லுங்கள். நண்பரிடம் சொல்லியிருந்தால் அதையும், எனக்குச் சில வரிகளை எழுதியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். எழும்பி நடந்துபோகலாம். கொப்பிகளை எரிக்கப் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம். தடுக்காதீர்கள், அவை அவருடையவை. ‘எரிக்க முதல் ஒரு நாள் பொறுங்க’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் ஒன்றுமே சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்தால், நீங்களும் உங்களுடையதைக் குடித்து முடித்துவிட்டு, இருட்ட முதல் வீட்டுக்கு வாருங்கள். அடுத்த நாளும் போங்கள்.